ரெக்கார்ட் ரூம்ல இருந்தவன் பார்த்த இ.எம்.ஆர்.

நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் படிச்சவனும் இல்ல. ஏழு வருஷம் ஒரு ஆஸ்பத்திரியோட ரெக்கார்ட் ரூம்ல கேஸ் ஷீட் தேடி எடுத்துக் கொடுத்து, சாயங்காலம் அத திரும்ப அடுக்கி வச்சிட்டு இருந்தேன். அங்க எலக்ட்ரானிக் மெடிக்கல் ரெக்கார்ட், சுருக்கமா இ.எம்.ஆர்., அதாவது கேஸ் ஷீட்ட கம்ப்யூட்டர்ல வைக்கிற முறை, கொண்டு வரலாம்னு முடிவு பண்ணினப்போ, நம்பர் விஷயமெல்லாம் இவருக்குத் தெரியும்னு என்னையும் டீம்ல சேர்த்தாங்க. அதுக்கப்புறம் வேற ரெண்டு சின்ன க்ளினிக்குக்கும் இதே வேலைக்குப் போனேன். காசு கம்மி, ஆள் கம்மி, கரண்ட்ட நம்ப முடியாது, அந்த மாதிரி இடத்துல இத ஆரம்பிக்கப் போறவங்களுக்காகத்தான் எழுதுறேன். ஏன்னா நாங்க ஆரம்பிச்சப்போ கையில கெடச்சதெல்லாம் எந்த சர்வர் வாங்கணும், எத்தன கம்ப்யூட்டர் வேணும்ங்கிற கணக்குதான், காலைல எட்டு மணிக்கு கவுண்டர் முன்னாடி நூறு பேர் நிக்கும்போது உள்ள உக்காந்திருக்கிறவங்க என்ன பண்ணுவாங்கன்னு யாரும் சொல்லல.

முதல் தப்பு, டாக்டர் ரூம்ல இருந்து ஆரம்பிச்சது. டாக்டர் டைப் பண்ணினா எல்லாம் தானா வந்துடும்னு நெனச்சோம். ஒரு பேஷன்ட்டுக்கு மூணு நிமிஷம், நாலு நிமிஷம்தான் கெடைக்கிற ஓபி அது. அதுல வயசு, எடை, பிரஷர், என்ன கஷ்டம், என்ன நோய், என்ன மருந்துன்னு இருபது பெட்டிய நிரப்பச் சொன்னா என்ன ஆகும்? வெளில வரிசை வராண்டா தாண்டிப் போச்சு. டாக்டர் ஸ்க்ரீனப் பார்த்துட்டே கேள்வி கேட்டார், பேஷன்ட் அவரோட பக்கவாட்டு முகத்தப் பார்த்து பதில் சொன்னாங்க. மூணாவது வாரம் ஒரு சீனியர் டாக்டர் கீபோர்ட நகர்த்தி வச்சுட்டு பேனா எடுத்துட்டார். கோவமா ஒண்ணும் சொல்லல, "எனக்கு இதுல இருந்து என்ன கெடைக்குதுன்னு சொல்லுங்க, பண்றேன்"ன்னு மட்டும் கேட்டார். அன்னைக்கு எங்க யாருகிட்டயும் பதில் இல்ல. அந்தக் கேள்விதான் அதுக்கப்புறம் நான் பண்ணின எல்லாத்துக்கும் அடிப்படை. ஒருத்தர் ஒரு தகவல உள்ள போட்டா, அன்னைக்கே, முடிஞ்சா அந்த நிமிஷமே, அவங்களுக்கு ஒண்ணு திரும்பக் கெடைக்கணும். வேல கொறையணும், இல்ல தேடுற நேரம் மிச்சமாகணும், இல்ல ஒரு பயம் போகணும். வருஷக் கடைசில மேல ஒரு ரிப்போர்ட் போகும்ங்கிறதெல்லாம் வார்டுல நிக்கிற சிஸ்டருக்கு ஒரு காரணமே கெடையாது.

எங்க முதல் முயற்சி இப்படி நின்னு போனதுக்கு அப்புறம்தான் மத்த நாட்டுல எப்படிப் பண்ணினாங்கன்னு தேடிப் படிச்சேன். கென்யாவுல மோசோரியட்னு ஒரு கிராமத்து ஹெல்த் சென்டர்ல 2001-லயே ஆரம்பிச்சிருக்காங்க. ரெண்டு கம்ப்யூட்டர், யு.பி.எஸ்., சோலார் பேட்டரி, மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ்ங்கிற சாதாரண டேட்டாபேஸ் சாஃப்ட்வேர், அவ்வளவுதான். பேஷன்ட் கையில ஒரு பேப்பர் ஃபார்ம் போகும், ஒவ்வொருத்தரும் அதுல எழுதுவாங்க, கடைசில வெளில போற இடத்துல ஒரு ஆள் அத கம்ப்யூட்டர்ல ஏத்துவாங்க. டாக்டர் டைப்பே பண்ணல. முன்னாடி பின்னாடி நேரம் அளந்து பார்த்ததுல ஒரு பேஷன்ட் அங்க இருக்கிற நேரம் 22 சதவீதம் கொறஞ்சுதுன்னு எழுதியிருந்தாங்க. பிற்பாடு அந்தப் பகுதியோட எச்.ஐ.வி. க்ளினிக்குகள்லயும் இதே பேப்பர் ஃபார்ம் முறைதான், ஆனா அடுத்த தடவ பேஷன்ட் வரும்போது கம்ப்யூட்டர் ஒரு பக்க சுருக்கத்த பிரிண்ட் எடுத்து ஃபைல் மேல வைக்கும், கடைசி எடை, கடைசி சி.டி.4 அளவு (எதிர்ப்பு சக்தி எவ்வளவு இருக்குன்னு காட்டுற ரத்த டெஸ்ட்), இன்னைக்கு எந்த டெஸ்ட் பாக்கின்னு. அந்த ஒரு பேப்பர்தான் டாக்டருக்குத் திரும்பக் கெடைக்கிறது.

மலாவியில நேர் எதிர் வழி. 2000-களோட தொடக்கத்துல தலைநகர் லிலாங்வேல டச் ஸ்க்ரீன் வச்சாங்க, ஒரு ஸ்க்ரீனுக்கு ஒரே கேள்வி, பெரிய பட்டன், கரண்ட் போனாலும் பேட்டரில ஓடுற மாதிரி கம்மியா கரண்ட் இழுக்கிற மெஷின். சிஸ்டரே நேரா தொட்டுப் பதிவு பண்ணுவாங்க. பண்ணி முடிச்சதும் ஒரு லேபிள் அச்சாகி வரும், அத பேஷன்ட் கையில இருக்கிற நோட்டுல ஒட்டினாப் போதும், கையால எழுத வேண்டியதில்ல. அதுவும் திரும்பக் கெடைக்கிறதுதான். ரெண்டு வழியும் ஓடுச்சு, ரெண்டுலயும் எழுதுறவங்களுக்கு ஒரு லாபம் இருந்துச்சு.

நாங்க ரெண்டாவது தடவ ஆரம்பிச்சப்போ ரிஜிஸ்ட்ரேஷன் கவுண்டர்ல இருந்து ஆரம்பிச்சோம். டாக்டர் பேனாவுலயே எழுதட்டும்னு விட்டுட்டோம். முதல் ரெண்டு மாசம் கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு வேலதான்: வந்தவங்க யாரு, அவங்க நம்பர் என்ன. கேக்கிறதுக்கு சின்ன வேல மாதிரி இருக்கும். என் ஏழு வருஷ அனுபவத்துல ரெக்கார்ட் கெட்டுப்போற இடமே இதுதான். ஒரே ஆளுக்கு மூணு நம்பர், மூணு ஃபைல், ஒண்ணுல ஆபரேஷன், ஒண்ணுல சுகர், இன்னொண்ணுல வெறும் ஜுரம். அதவிட மோசம், ரெண்டு ஆளு ஒரே ஃபைல்ல இருக்கிறது. பேப்பர்ல இருந்தா கையெழுத்து, மை, தேதிய வச்சு பிரிச்சு எடுத்துடலாம், கம்ப்யூட்டர்ல கலந்துட்டா பிரிக்கிறது ரொம்பப் பெரிய வேலை.

அதனால நம்பர்ல ஒரு விஷயத்த கட்டாயமா வைங்கன்னு சொல்லுவேன், கடைசி இலக்கம் செக் டிஜிட்டா இருக்கணும், அதாவது முன்னாடி இருக்கிற இலக்கங்கள வச்சு கணக்குப் போட்டு, தப்பப் பிடிக்கிறதுக்காகச் சேர்க்கிற இலக்கம். லூன் முறைன்னு பேரு, ஐ.பி.எம்.ல வேல பார்த்த ஹான்ஸ் பீட்டர் லூன் கண்டுபிடிச்சது, கிரெடிட் கார்டு நம்பர்ல எல்லாம் இருக்கிறது. உதாரணத்துக்கு 4827. வலது பக்கத்துல இருந்து ஒண்ணு விட்டு ஒண்ண ரெண்டால பெருக்கணும், ரெண்டு இலக்கம் வந்தா அந்த ரெண்டையும் கூட்டிக்கணும். 7 பெருகி 14, அத கூட்டினா 5. 2 அப்படியே. 8 பெருகி 16, கூட்டினா 7. 4 அப்படியே. மொத்தம் 18, அடுத்த பத்தோட மடங்கு இருபது, அதுக்கு ரெண்டு கொறையுது, அதனால கடைசில 2 சேர்த்து நம்பர் 48272. இப்ப கவுண்டர்ல அவசரத்துல 48722-ன்னு அடிச்சுட்டாங்கன்னு வைங்க, கணக்கு 22 வரும், கடைசில 8 இருந்திருக்கணும், 2 இருக்கு, உடனே தப்புன்னு சொல்லிடும். ஒரு இலக்கம் தப்பினா எப்பவும் பிடிக்கும், பக்கத்து பக்கத்து இலக்கம் இடம் மாறினாலும் பிடிக்கும், 09-ம் 90-ம் ஒண்ணுக்கொண்ணு மாறுறத மட்டும் விட்டுடும். ஓப்பன்எம்ஆர்எஸ் மாதிரி இலவச இ.எம்.ஆர். சாஃப்ட்வேர்ல இது ரெடியாவே இருக்கு. நாங்க முதல் தடவ வெறும் வரிசை நம்பர் வச்சிருந்தோம், அதுல ஒரு இலக்கம் மாறினா இன்னொரு நிஜ ஆளோட ரெக்கார்ட் தொறக்கும், யாருக்கும் தெரியாது.

பேரு இன்னொரு தலவலி. நிறைய நாட்டுல குடும்பப் பேருங்கிற பழக்கமே கெடையாது, ஆனா வெளிநாட்டுல எழுதின சாஃப்ட்வேர் அந்தப் பெட்டிய நிரப்பாம விடாது. அப்ப கவுண்டர்ல இருக்கிறவங்க புள்ளி வைப்பாங்க, இல்ல பேரையே ரெண்டு தடவ அடிப்பாங்க, ஒருத்தர் அப்பா பேரு, ஒருத்தர் புருஷன் பேருன்னு போடுவாங்க. அடுத்த தடவ தேடினா கெடைக்காது, புதுசா ஒரு நம்பர் போட்டுடுவாங்க. சில சாஃப்ட்வேர்ல உச்சரிப்ப வச்சுத் தேடுற சவுண்டெக்ஸ் முறை இருக்கும், அது 1918-ல அமெரிக்காவுல ஆங்கில எழுத்துக்கூட்டலுக்காக பேட்டன்ட் வாங்கினது, நம்ம பேருங்கள தாறுமாறா ஒண்ணாப் போட்டுடும். எங்களுக்கு உதவினது அம்மா பேரு, ஊரு, தோராய வயசு, ஃபோன் நம்பர், இந்த நாலுல எது ரெண்டு பொருந்தினாலும் லிஸ்ட்ல காட்டுன்னு வச்சதுதான்.

வயசும் அப்படித்தான். பிறந்த தேதி தெரியாதவங்க நிறைய பேர். தேதி போட்டே ஆகணும்னு சாஃப்ட்வேர் கேட்டா எல்லாரும் ஜனவரி 1-ல பிறந்துடுவாங்க. அது தப்பில்ல, தோராயம்னு ஒரு டிக் இருக்கணும், இருந்தா பிற்பாடு குழந்தைக்கு மருந்து அளவு கணக்குப் போடுறவங்க கவனமா இருப்பாங்க. எத்தியோப்பியாவுல பதிமூணு மாசக் காலண்டர், நேபாள்ல விக்ரம் சம்வத் காலண்டர், அங்கெல்லாம் ஆளுங்க சொல்ற வருஷத்த அப்படியே அடிச்சா வயசே மாறிடும்.

கவுண்டர் சரியானதும் என்ன கெடச்சுதுன்னா, ஃபைல் தேடுற நேரம் பாதிக்கும் கீழ வந்துடுச்சு. அது என் ரூமுக்குக் கெடச்ச லாபம், டாக்டருக்கும் ஃபைல் சீக்கிரம் வந்துச்சு. அதுக்கப்புறம் லேப். லேப் ரிசல்ட் ஸ்க்ரீன்ல தெரிய ஆரம்பிச்ச அன்னைக்கு, அந்த கீபோர்ட நகர்த்தி வச்ச டாக்டர் தானாவே அத திரும்ப முன்னாடி இழுத்துக்கிட்டார். ஏன்னா அதுவரைக்கும் ஒரு ரிசல்ட்டுக்காக ஆள் அனுப்பி, சீட்டு தொலைஞ்சு, திரும்ப ரத்தம் எடுத்துன்னு தினமும் நடந்துட்டு இருந்துச்சு. அவருக்குப் பதில் கெடச்சிடுச்சு, நாங்க ஒண்ணும் சொல்லவே வேண்டி வரல.

இப்ப ஒரு விஷயம் சொல்லணும், இது இன்னும் எனக்கு நெஞ்சுக்குள்ள இருக்கு.

எங்க பேப்பர் கேஸ் ஷீட்ல ஏதாவது மருந்து ஒத்துக்காதுன்னா அட்டை மேலயே சிவப்பு மையில பெருசா எழுதிடுவாங்க. யாரும் சட்டம் போடல, பழைய இன்சார்ஜ் சிஸ்டர் ஒருத்தர் கொண்டு வந்த பழக்கம். கம்ப்யூட்டருக்கு மாத்தினப்போ அலர்ஜிங்கிறது மூணாவது டேப்ல ஒரு பெட்டி. தகவல் உள்ள இருந்துச்சு, நாங்களே உக்காந்து ஏத்தினதுதான். ஒரு நாள் ராத்திரி ஒரு அம்மா காய்ச்சலோட அட்மிட் ஆனாங்க, பென்சிலின் ஊசி எழுதியாச்சு, டெஸ்ட் டோஸுக்கு ட்ரேல மருந்தும் எடுத்து வச்சாச்சு. ட்யூட்டில இருந்த சிஸ்டர் அவங்க முகத்தப் பார்த்துட்டு, இவங்கள முன்னாடி பார்த்திருக்கேனேன்னு யோசிச்சு, எனக்கு ஃபோன் பண்ணி "தம்பி, இவங்க பழைய ஃபைல் இருக்கா, அட்டை எனக்கு ஞாபகம் வருது, சிவப்பா ஏதோ இருந்துச்சு"ன்னாங்க. நான் வந்து ரூமத் தொறந்து எடுத்தேன். அட்டை மேல சிவப்பு மை. அந்த ட்ரே திரும்பிப் போச்சு. ஸ்க்ரீன்ல மூணு தடவ க்ளிக் பண்ணியிருந்தா அதே தகவல் தெரிஞ்சிருக்கும், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு முப்பது பேர் இருக்கிற வார்டுல யாரு மூணு தடவ க்ளிக் பண்ணுவாங்க, சொல்லுங்க.

மறுநாளே எல்லா பக்கத்துக்கும் மேல ஒரு சிவப்புப் பட்டை வைக்கச் சொன்னோம், எந்த டேப்ல இருந்தாலும் தெரியும். கூடவே ஒண்ணு மாத்தினோம், அலர்ஜி பெட்டி காலியா இருந்தா என்ன அர்த்தம்? ஒண்ணும் இல்லன்னா, இல்ல யாரும் கேக்கலன்னா? ரெண்டும் வேற வேற. இப்ப "கேட்டோம், இல்லன்னாங்க"ன்னு ஒரு பட்டன், தொடலன்னா "இன்னும் கேக்கல"ன்னு மஞ்சள்ல நிக்கும். உங்க இடத்துல ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பழைய கேஸ் ஷீட் ஐம்பத எடுத்து மேசை மேல பரப்பிப் பாருங்க. எங்க மடிச்சு வச்சிருக்காங்க, எங்க கோடு போட்டிருக்காங்க, எதுல பின் குத்தியிருக்காங்க, எல்லாம் பாருங்க. ஃபைல் கனமா இருந்தா இவர் நாள்பட்ட பேஷன்ட்னு டாக்டர் கையில வாங்கும்போதே தெரிஞ்சுக்குவார். பேப்பர் சத்தமில்லாம பண்ற இந்த வேலை எதுவும் நாம எழுதிக் கொடுக்கிற தேவைப் பட்டியல்ல வராது, மாத்தினப்புறம்தான் காணாமப் போனது தெரியும்.

அடுத்து ட்ராப் டவுன். நோய் பேரு டைப் பண்ண வேண்டாம், லிஸ்ட்ல தேர்ந்தெடுங்கன்னு வச்சோம். ஒரு மாசம் கழிச்சு ரிப்போர்ட் எடுத்தா ஊரே வயித்து வலியில இருக்கிற மாதிரி வந்துச்சு. ஆங்கில அகர வரிசைல வயித்து வலிதான் முதல்ல இருந்துச்சு, அவசரத்துல எல்லாரும் முதல்ல இருக்கிறத தொட்டுட்டுப் போயிட்டாங்க. கட்டாயமா நிரப்பணும்னு சொல்ற ஒவ்வொரு பெட்டியும் இப்படி ஒரு பொய்ய உண்டாக்கும், பண்றவங்க பொய் சொல்ற எண்ணத்துல பண்றதில்ல, அவங்களுக்கு வேற வழி இல்ல. எங்க ஓபில அடிக்கடி வர்ற நாப்பது நோய தனியா எடுத்து முன்னாடி வச்சு, "இன்னும் தெரியல"ங்கிறதயும் ஒரு பதிலா சேர்த்தோம். பின்னாடி ஐ.சி.டி.-10 கோடு, அதாவது ஒவ்வொரு நோய்க்கும் உலக அளவுல இருக்கிற கோடு, தானா ஒட்டிக்கும், அந்த கோடு என்னன்னு டாக்டருக்குத் தெரியவே வேண்டாம்.

பாஸ்வேர்டு பத்தி சுருக்கமா. ஆளுக்கு ஒண்ணு கொடுத்தோம், எட்டு எழுத்து, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நம்பர்னு. ரெண்டே வாரத்துல லீவுல இருந்த ஒரு சிஸ்டர் பேர்ல முழு வார்டோட பதிவும் நடந்திருந்துச்சு. பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்துல ஒட்டியிருந்துச்சு. அவங்கள திட்டுறதுல அர்த்தமே இல்ல, ஒரு கம்ப்யூட்டர ஆறு பேர் பயன்படுத்துறாங்க, ஒவ்வொரு தடவயும் லாக் அவுட், லாக் இன்னுன்னா ஊசி எப்ப போடுறது. அடையாள அட்டைல பார்கோடு வச்சு, ஸ்கேன் பண்ணி நாலு இலக்க நம்பர் அடிச்சா உள்ள போற மாதிரி பண்ணினதும் அது நின்னுச்சு. பேஷன்ட்டோட எச்.ஐ.வி. ரிசல்ட் மாதிரி விஷயம் யார் பார்த்தாங்கன்னு தெரியணும்னா இத தீர்த்தே ஆகணும்.

கரண்ட். டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ். வச்சு பேட்டரி மாத்தி மாத்தி பணம் போச்சு, உஷ்ணத்துல பேட்டரி ரொம்ப நாள் தாங்கல. லேப்டாப் வாங்கியிருந்தா அதுலயே பேட்டரி இருக்கு, கரண்டும் கம்மியா இழுக்கும், க்ளினிக் ரெண்டுலயும் அப்படித்தான் பண்ணினோம். சர்வர் அந்த கட்டடத்துக்குள்ளயே இருக்கட்டும், இன்டர்நெட் போனாலும் வேலை நிக்கக்கூடாது. எல்லா கவுண்டர்லயும் ஒரு பேப்பர் ஃபார்ம் கட்டு எப்பவும் இருக்கணும், முன்கூட்டியே நம்பர் அச்சடிச்சது, அந்த நம்பர்ல செக் டிஜிட்டும் இருக்கணும், அப்பதான் கரண்ட் வந்ததும் அதே நம்பர்ல ஏத்தலாம்.

அந்தப் பேப்பர்தான் எங்களக் காப்பாத்துச்சு. ஒரு நாள் சர்வர் ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. பேக்கப் தினமும் ராத்திரி ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியும், இன்னொரு டிஸ்க்ல ஃபைல் வரிசையா தேதியோட இருந்துச்சு. தொறந்தா கடைசி பதினோரு நாளோட ஃபைல் எல்லாம் சைபர் அளவு. அந்த டிஸ்க்ல இடம் தீர்ந்து போனதுல இருந்து ஃபைல் பேரு மட்டும் உருவாகிட்டு இருந்திருக்கு, உள்ள ஒண்ணும் இல்ல. அதுக்கு முன்னாடி வரைக்கும் திரும்ப வந்துச்சு. பதினோரு நாள டாக்டர் எழுதின ஃபார்ம், லேப் நோட்டு, ஃபார்மசி சீட்டு இதெல்லாம் வச்சு நாலு பேர் ராத்திரி ராத்திரியா உக்காந்து ஏத்தினோம். பேப்பர முழுசா எடுத்துடலாம்னு அதுக்கு முந்தின மாசம்தான் ஒரு மீட்டிங்ல பேசியிருந்தாங்க. இப்ப மாசத்துக்கு ஒரு சனிக்கிழம, பேக்கப்ப வேற ஒரு லேப்டாப்ல ஏத்தி, முந்தின நாள் வந்த அஞ்சு பேஷன்ட் ரெக்கார்ட தொறந்து பார்க்கிறோம். இதுக்கு ஒரு ஆள் பேரு எழுதி வச்சிருக்கு, அவர் லீவுன்னா இன்னொருத்தர் பேரும் இருக்கு.

பணம் விஷயம் கொஞ்சம் சொல்லிடுறேன். பல நாட்டுல இந்த சிஸ்டம் எல்லாம் ஒரு ஒரு நோய்க்குன்னு வந்த வெளிப்பணத்துல ஆரம்பிச்சது, 2003-க்கு அப்புறம் எச்.ஐ.வி.க்கு வந்த அமெரிக்கப் பணம் அதுல பெருசு. அதனால எச்.ஐ.வி.க்கு ஒரு சாஃப்ட்வேர், டி.பி.க்கு ஒண்ணு, பிரசவத்துக்கு ஒண்ணு, ஒரே பொண்ணுக்கு மூணு இடத்துல மூணு நம்பர். பணம் நின்னா அந்த கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள் வாங்கக்கூட ஆள் இருக்காது. ஓப்பன் சோர்ஸ, அதாவது யாரு வேணும்னாலும் எடுத்து மாத்திப் பயன்படுத்தலாம்னு தொறந்து விட்ட சாஃப்ட்வேர, எடுத்தா குறைஞ்சபட்சம் டேட்டா நம்ம கையில இருக்கும், ஓப்பன்எம்ஆர்எஸ் 2004-ல ஆரம்பிச்சு இன்னும் ஓடுது, அதுக்கு மேல லேபும் பில்லிங்கும் சேர்த்துக் கட்டின பாம்னி சின்ன ஆஸ்பத்திரிக்கு நல்லாப் பொருந்தும். ஆனா இலவசம்னு நெனச்சு இறங்காதீங்க, பார்த்துக்க ஒரு ஆள் சம்பளத்துல வேணும். அந்த ஆளு அதே ஆஸ்பத்திரில ஏற்கனவே வேல பார்க்கிறவரா இருந்தா ரொம்ப நல்லது, வெளில இருந்து வர்றவர் ஒரு வருஷத்துல போயிடுவார்.

எங்களால இன்னும் முழுசா தீர்க்க முடியாதது ரெஜிஸ்டர். கம்ப்யூட்டர்ல எல்லாம் இருந்தும் சிஸ்டருங்க அதே விஷயத்த பெரிய பெரிய ரெஜிஸ்டர்ல கையாலயும் எழுதிட்டு இருந்தாங்க, ஏன்னா மேல இருந்து பார்வையிட வர்றவங்க ரெஜிஸ்டரத்தான் கேப்பாங்க. மாசக் கடைசில அதக் கோடு கோடா எண்ணி ரிப்போர்ட் போடணும், ரெண்டு நாள் போயிடும். இ.எம்.ஆர். வந்து இவங்க வேல ரெட்டிப்பாச்சு, இதுக்கு யாரும் மன்னிப்புக் கேக்கல. நாங்க ஒரு ரெஜிஸ்டர மட்டும் எடுத்துக்கிட்டோம், நாள்பட்ட நோய் ரெஜிஸ்டர். மூணு மாசம் ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வச்சு எண்ணினோம், கையால எண்ணினது எவ்வளவு, கம்ப்யூட்டர் சொன்னது எவ்வளவு, எங்க வித்தியாசம், ஏன்னு ஒவ்வொண்ணையும் எழுதி வச்சோம். வித்தியாசம் வந்த இடத்துல பாதிக்கு மேல கையால எண்ணினதுலதான் தப்பு இருந்துச்சு, அதையும் ஃபைல் எடுத்துக் காட்டினோம். அத எடுத்துட்டு மேல போய்க் கேட்டதுக்கு, கம்ப்யூட்டர் பிரிண்ட்ல பொறுப்பு சிஸ்டர் கையெழுத்து போட்டாப் போதும்னு எழுத்துல கொடுத்தாங்க. அந்த லெட்டர ஜெராக்ஸ் எடுத்து வார்டு சுவத்துல ஒட்டியிருக்காங்க.

ஒரு ரெஜிஸ்டர் நின்னுச்சு. இன்னும் நாலு இருக்கு, இந்த மாசம் பிரசவ ரெஜிஸ்டர எண்ண ஆரம்பிச்சிருக்கோம்.